பதின்மூன்றாம் பெஞ்சு

ஜூன் 14

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் வலியைத் தள்ளிவிட்டால் இங்கே உடம்புக்குக் குறை இல்லை. உன் தலைச்சுற்றல் நின்றதா, மாப்பிள்ளையின் இருமல் எப்படி என்று எழுது. போனில் கேட்கலாம்தான். ஆனால் அந்தப் பக்கம் நீ "ம், சொல்லுங்க" என்றதுமே சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது.

ஓய்வு பெற்று ஏழு வருஷம் கழித்து மறுபடி சாக்பீஸ் பிடித்திருக்கிறேன். நம் தெருமுனைப் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள் குறைவாம். தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராதது உனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பு, கணக்கு. வகுப்பாசிரியரும் நான்தான்.

இரண்டு பிரிவுகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். நடுத்தட்டியை எடுத்துவிட்டதில் இரண்டு அறைகள் ஒரே நீளக் கூடமாகிவிட்டன. பதின்மூன்று பெஞ்சு, பெஞ்சுக்கு ஆறு பேர், மொத்தம் எழுபத்தெட்டு. பெஞ்சுகளின் ஒரு முனை சுவரை முட்டுகிறது. மறுமுனையில் ஒரு ஆள் நுழையும் சந்து, அதிலும் பைகள். பலகையில் எழுதத் திரும்பும்போதெல்லாம் முதுகில் ஏதோ ஏறி உட்கார்ந்தது போல ஒரு பயம். நாற்பது வருஷம் பாடம் சொன்னவன் எழுத வேண்டிய வரியா இது என்று நீ சிரிப்பாய்.

ஒரு காரியம் மட்டும் உருப்படியாகச் செய்தேன். பேர் சொல்லி வருகை எடுத்தால் பதினொரு நிமிஷம் ஆகிறது. பாடவேளையே நாற்பது நிமிஷம். அதனால் பெஞ்சுக்கு ஒரு தலைவர் வைத்தேன். அவர் எழுந்து "ஆறு" என்றால் ஆறு. "அஞ்சு" என்றால் யார் இல்லையென்று சொல்ல வேண்டும். இப்போது ஒன்றரை நிமிஷத்தில் முடிகிறது. தலைமையாசிரியர் மற்ற ஆசிரியர்களைக் கூட்டி வந்து காட்டினார். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்

*

ஜூன் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

தலைச்சுற்றல் போய்விட்டது. இவருடைய இருமல் மட்டும் போகவில்லை, எங்களோடு அதுவும் குடித்தனம் நடத்துகிறது. நீங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

எழுபத்தெட்டா! என் பள்ளிக்கூடமே மொத்தம் பதினான்கு பேர். மூன்று வகுப்பையும் நானே பார்க்கிறேன். பாவம், இதுகளுக்கு என்னிடம் ஒளிய இடமில்லை. ஒருத்தன் கொட்டாவி விட்டால் போதும், நேற்று வீட்டில் சண்டை என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் இரண்டு அணி பிரித்து விளையாட விட்டால் நடுவர் வேலைக்குக்கூட ஆள் மிஞ்சாது. பத்துக்குக் கீழே போனால் பூட்டிவிடுவார்கள். யார் வீட்டில் ஊர் மாற்றம் என்று பேச்சு வந்தாலும் அன்று சாயங்காலமே அங்கே போய் விசாரிக்கிறேன். உங்களுக்கு ஆள் கூடிப் பயம், எனக்கு ஆள் குறைந்து பயம்.

பெஞ்சுத் தலைவர் யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் பன்னிரண்டு வயசுப் பிள்ளை சொல்லும் எண்ணுக்கு நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. வாரம் ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டு முகத்தைப் பாருங்கள்.

தங்கை

*

ஜூலை 19

அன்புள்ள தங்கைக்கு,

தைலம் தேய்த்தேன், இரண்டு நாள். இங்கே மழை வருவதுபோல் வந்துவிட்டுப் போகிறது. மாப்பிள்ளை குளிர்ந்த தண்ணீர் குடிக்காமல் பார்த்துக்கொள்.

எனக்குப் பின் பெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் "ஊமைப்படம்". வாய் அசைவது தெரிகிறதாம், சத்தம் வரவில்லையாம். பதின்மூன்றாம் பெஞ்சின் தலைவிதான் இதை என் காதுபடச் சொன்னாள். எதற்கும் எதிர்வாதம் செய்வதால் ஆசிரியர்கள் எல்லாரும் அவளை "வக்கீல்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கத்திப் பேசிப் பார்த்தேன். மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிட்டது.

பின்னங்களில் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். முதல் நான்கு பெஞ்சுகள் பரவாயில்லை. ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை பக்கத்து ஆளைப் பார்த்து எழுதியது. அதற்குப் பின்னால் கேள்வியை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அழகான கையெழுத்தில். நான் சொல்லிக்கொடுப்பது இருபத்துநாலு பேருக்கு. மிச்சம் ஐம்பத்துநாலு பேர் பார்வையாளர்கள். முன்வரிசையில் ஒரு பிள்ளை தலையாட்டினால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறேன். தெரிந்தே போகிறேன்.

தைரியத்தைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன்.

"சார், ரெண்டாப் பிரிச்சிட்டா நல்லது."

"பிரிக்கலாம் சார். உங்களையும் ரெண்டாப் பிரிக்க முடியுமா?"

"இல்ல, பின்னாடி கேக்கவே இல்ல..."

"கேக்குறவன் கேப்பான் சார். நாமெல்லாம் மைக் வெச்சா படிச்சோம்?"

சரி சார் என்று வந்துவிட்டேன். நீ சொன்ன இன்னொரு விஷயத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் தொண்டை சரியானதா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள்.

"ஊமைப்படம்" என்று படித்ததும் இவர் சிரித்த சிரிப்பில் இருமல் இன்னும் இரண்டு நாள் கூடியது. சிரித்து முடித்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. என் வகுப்பில் ஒரு பெண் போன மாதம் மூன்று நாளாக வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். காதில் சீழ். பதினான்கு பேரில் எனக்கே நான்கு நாள் ஆனது.

பெஞ்சுகளை வாரம் ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றுங்கள். நீங்களும் ஒரு நாள் அந்தப் பதின்மூன்றாவதில் போய் உட்காருங்கள். பிறகு எழுதுகிறேன் என்றீர்களே, அது என்ன ஆயிற்று? பேர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களா?

தங்கை

*

செப்டம்பர் 1

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாளாகக் காற்று. மேல் ஜன்னலின் கொக்கி போய்விட்டது, கயிறு கட்டியிருக்கிறேன். காலை எட்டரைக்குப் போய் நாலரைக்கு வருகிறேன். சாப்பாடு இறங்குகிறது.

உங்கள் பள்ளியில் வருகைப் பதிவேட்டை எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள்? ஒருமுறை எழுதியதைப் பிறகு திருத்தலாமா? திருத்தினால் யார் கையெழுத்துப் போட வேண்டும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அண்ணன்

*

செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமில்லை.

நாற்பது வருஷம் பதிவேடு எழுதியவர் என்னிடம் கேட்கிறார், திருத்தலாமா என்று. திருத்தக் கூடாது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சும்மா எதையும் கேட்கிற ஆள் நீங்கள் இல்லை. என்ன நடந்தது?

தங்கை

*

செப்டம்பர் 25

அண்ணா,

பதினேழு நாளாயிற்று. போன் அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போட்டேன். "தாத்தா ஸ்கூலுக்குப் போயிட்டு வர்றாரும்மா, யார்கூடவும் பேச்சே இல்ல" என்றார்கள். உயிரோடு இருக்கிறீர்கள் என்றாவது தெரிந்தது.

நீங்கள் என்ன தப்பு செய்திருந்தாலும் எனக்கு அண்ணன்தான். அதைச் சொல்லத்தான் இந்த ஒரு பக்கம். எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

தங்கை

*

அக்டோபர் 1

அன்புள்ள தங்கைக்கு,

மன்னித்துக்கொள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதை ஒழுங்கு மாறாமல் எழுதப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் இருபத்தெட்டு அன்று என்னைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இந்தப் பக்கத்து அட்டைப்பெட்டிப் பட்டறை ஒன்றின் முதலாளி உட்கார்ந்திருந்தார். என் பதிவேட்டில் நாற்பத்தேழாம் எண், பதின்மூன்றாம் பெஞ்சுப் பெண்ணின் வருகை வேண்டும், அதுவும் இருபத்தாறாம் தேதியது. எதற்கென்று நான் கேட்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தேன். வந்திருக்கிறாள் என்று இருந்தது. நகல் எடுத்து, உண்மை நகல் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முத்திரை வைத்தார்கள். அவர் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் மணி அடித்ததும் வக்கீல் பைகளைத் தாண்டிக் குதித்து என்னிடம் வந்தாள். அந்தப் பெண் அழுது நான் பார்த்ததில்லை, அன்று அழுதாள்.

"சார், அவ அன்னிக்கு வரல. நான்தான் ஆறுன்னு சொன்னேன்."

"ஏம்மா?"

"அஞ்சுன்னா பேரை அடிச்சிருவீங்கல்ல? ரெண்டு மாசமா அவ பாதி நாள் வர்றதே இல்ல சார். உங்களுக்கு அங்கேர்ந்து தெரியாதுன்னு..."

"எங்கம்மா போனா?"

"பட்டறைக்கு சார். அவங்க அம்மாவுக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. அம்மா எடத்துல இவ நின்னா. மெஷின்ல கை மாட்டிக்கிச்சு."

பிறகுதான் மற்றது தெரிந்தது. காலை பதினோரு மணிக்கு அட்டையை அழுத்தும் இயந்திரத்தில் அவளுடைய வலது கை சிக்கியிருக்கிறது. துணியைச் சுற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவில் நசுங்கியது என்று சொல்லச் சொன்னார்களாம். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் தாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். இன்னும் ஒரு அறுவை சிகிச்சை செய்தால் கை ஓரளவு மடங்கும் என்கிறார்களாம். பட்டறையில் நடந்தது என்று ஆனால்தான் பட்டறை அந்தச் செலவைக் கொடுக்கும். முதலாளியோ, அவள் பகல் முழுக்கப் பள்ளியில் இருந்தாள், இதோ ஆசிரியரின் கையெழுத்து என்கிறார். தாய் பொய் சொல்கிறாள் என்றாகிவிட்டது.

அந்தத் தாய் என்னைத் தேடி வந்தாள். திட்டுவாள் என்று பயந்தேன். திட்டவில்லை. "நீங்க பேசுறது பின்னாடி கேக்கவே இல்லன்னு சொல்லுவா சார். சும்மா உக்காந்து வர்றதுக்கு வாரத்துல ரெண்டு மூணு நாள் என் எடத்துல நிக்கட்டுமேன்னு நெனச்சேன். புத்தி கெட்டுப்போச்சு" என்றாள். நான் அவளை உட்காரச் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

அக்டோபர் பதினெட்டில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பதிவேட்டுல என்ன இருக்கோ அத மட்டும் சொல்லுங்க சார். நீங்க பொய் சொல்ல வேண்டியதே இல்ல. ஒண்ணு தப்புன்னு சொன்னா எழுபத்தெட்டும் தப்பாயிடும். உங்களுக்கு வழக்கு, எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாசம்." அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம்.

தெருவில் யாராவது வேகமாக நடந்து வந்தால் எனக்காகத்தான் என்று தோன்றுகிறது. போன் மணி அடித்தால் அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். நீ ஜூன் மாதமே எழுதினாய். நான் பதில் சொல்லவில்லை.

அண்ணன்

*

அக்டோபர் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு பதில் எழுதினேன். பதிவேட்டில் உள்ளதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், இந்த வயசில் வழக்கு, கோர்ட்டு என்று அலைய முடியாது, அந்தக் கைக்கு வேறு யாராவது வழி செய்வார்கள் என்று எழுதினேன். தபால் பெட்டிவரை போனேன். போகிற வழியில் காதில் சீழ் வந்த அந்தப் பெண் எதிரே வந்து, "டீச்சர், இப்ப ரெண்டு காதும் கேக்குது" என்றாள். கடிதத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

உங்களைத் தைரியமாக இருங்கள் என்று சொல்ல மாட்டேன். சின்ன வயசில் பக்கத்துக் கடைக்கு அனுப்பினாலே வாசலில் நின்று இரண்டு முறை திரும்பிப் பார்ப்பீர்கள். பயந்துகொண்டே போங்கள். ஆனால் போய்விடுங்கள். நான் வருகிறேன் என்றால் வேண்டாம் என்பீர்கள், பதினான்கையும் விட்டுவிட்டு வர எனக்கும் வழியில்லை. அந்த வக்கீல் பெண்ணை மட்டும் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அவள் சிநேகிதிக்காகச் சொன்னாள். கையெழுத்து உங்களுடையது.

தங்கை

*

அக்டோபர் 20

அன்புள்ள தங்கைக்கு,

இருக்கிறேன். வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

விசாரணைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கையில் எடுத்துக்கொண்டு போக ஏதாவது தாள் இருக்கிறதா என்று என் மேசையைக் குடைந்தேன். ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி பதினொரு மணி வாக்கில் ஒரு தேர்வு வைத்திருந்திருக்கிறேன். விடைத்தாள் கட்டு கிடைத்தது. நாற்பது தாள்வரை திருத்திவிட்டு, முடியாமல் நூலால் கட்டி வைத்துவிட்டிருக்கிறேன். இதை உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பிரித்து வரிசைப்படி அடுக்கினேன். நாற்பத்தேழாம் எண் தாள் இல்லை. பிறகு எண்ணிப் பார்த்தேன். எழுபத்தொன்று. நான்கு முறை எண்ணினேன். பதிவேட்டில் அன்று எழுபத்தெட்டு.

தொழிலாளர் அலுவலகத்தில் நடைபாதை நெடுகப் பெஞ்சுகள். ஒரு சிறுமி எழுந்து நின்று "சார்" என்றாள். யார் வீட்டுப் பிள்ளையோ, மரியாதை தெரிந்த பிள்ளை என்று தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போனேன். நாலடி போன பிறகுதான் பக்கத்தில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தது உறைத்தது. நான் திரும்பிப் போய் அவள் எதிரே நின்றேன். கட்டுப் போட்ட கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

உள்ளே அதிகாரி ஒரு அம்மாள், என் மகள் வயசு இருக்கும். நான் எழுதிக்கொண்டு போன தாள் கையில் படபடவென்று அடித்தது.

"பேப்பரை வெச்சிட்டு வாயால சொல்லுங்க ஐயா. அன்னிக்கு அந்தப் பொண்ணு வகுப்புல இருந்தாளா?"

"தெரியாதும்மா."

முதலாளியின் வக்கீல் எழுந்தார், இவர் நிஜ வக்கீல். "தெரியாதா? கையெழுத்து யாருது?"

"என்னுது."

"பார்க்காமலேயா போட்டீங்க?"

"ஆமா. ஜூன்லேர்ந்து பார்க்காமத்தான் போட்டேன்."

"அப்ப அவ வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு, இல்லையா?"

அந்த இடத்தில் நான் தடுமாறிப்போனேன். உண்மையைச் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் போனேன். பார்க்காதவனுடைய உண்மைக்கு மதிப்பில்லை என்பது அங்கேதான் தெரிந்தது. பிறகு விடைத்தாள் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அன்னிக்குப் பதினோரு மணிக்கு டெஸ்ட்டும்மா. அவ தாள் இதுல இல்ல."

"ஒரு தாள் தொலைஞ்சிருக்கும்" என்றார் வக்கீல்.

"ஒண்ணு இல்ல சார். ஏழு இல்ல."

அதிகாரி அம்மாள் கட்டைப் பிரித்துத் தானே எண்ணினார். முடிய வெகுநேரம் ஆனது. கடைசியில் பதிவேட்டை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு, "இதை நான் சாட்சியமா எடுத்துக்க மாட்டேன்" என்றார். அப்போது வாசல் பக்கம் நின்றிருந்த பட்டறைப் பெண் ஒருத்தி, "மேடம், துணி சுத்தினது நான்தான்" என்றாள். முதலாளி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டே மறுபடியும் சொன்னாள். அறுவை சிகிச்சைச் செலவைப் பட்டறை ஏற்க வேண்டும் என்று உத்தரவு எழுதிவிட்டார்கள். அந்தத் தாய் மகளைக் கூட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள். என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது?

கிளம்பும்போது அதிகாரி அம்மாள் கேட்டார்: "ஐயா, மிச்ச ஆறு பேர் அன்னிக்கு எங்க இருந்தாங்க?"

தெரியாது என்றேன். இரண்டாவது முறை.

என் வேலை போய்விட்டது, அது எதிர்பார்த்ததுதான். துறையிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வரும் என்கிறார்கள். தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று ஒரு நாள் மட்டும் பொறுப்பை ஒப்படைக்க வரலாம் என்றார். போனேன். பெஞ்சுத் தலைவர்களை உட்காரச் சொன்னேன். பைகளை நகர்த்திக்கொண்டே அந்தச் சந்து வழியாகக் கடைசிவரை நடந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பாடவேளை முழுதும் அதற்கே போய்விட்டது. அங்கே நின்று பார்த்தால் பலகை ஒரு தபால் அட்டை அளவுதான் தெரிகிறது.

அந்த ஆறு பேரில் ஒருவனுக்கு அன்று காய்ச்சல். ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்திருக்கிறாள். இரண்டு பேர் இருந்தும் தாள் கொடுக்கவில்லை, எழுத ஒன்றும் தெரியவில்லையாம். நாலு பேருக்குக் கணக்குச் சரி.

இரண்டு பேரைக் காணவில்லை. ஒன்பதாம் பெஞ்சில் ஒருவன், பதினொன்றாம் பெஞ்சில் ஒருத்தி. எத்தனை நாளாக வரவில்லை என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பதிவேட்டில் ஒரு நாள் தவறாமல் வந்திருக்கிறார்கள்.

முகவரியை எழுதிக்கொண்டு வந்தேன். நாளைக் காலை முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன். கதவைத் திறப்பவர்கள், "அவன் ஸ்கூலுக்குப் போயிருக்கானே சார்" என்று சொல்லிவிடக் கூடாதே என்றுதான் இப்போது இருந்தே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நீ உன் பதினான்கோடு நன்றாக இரு.

அண்ணன்